சின்ன வயதில் போரைக் கண்ட பிள்ளைக்கு, உள்ளே நுழைந்து அனுபவிக்கும் கலைக் கண்காட்சி மனக்காயத்தை ஆற்றுமா?

உங்கள் கேள்வியில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அக்காவின் மகள் 2009 இல், இலங்கையின் கடைசிப் போர் நடந்த வன்னிக்குள் இருந்து வெளியே வந்த பிள்ளை. இப்போது உங்களோடு வெளிநாட்டில் இருக்கிறாள். உங்கள் நகரத்தில் இருட்டறை, ஒலி, ஒளி எல்லாம் வைத்து, போருக்குள் நிற்பது போல உணர வைக்கும் கண்காட்சி ஒன்று நடக்கிறது. கூட்டிக்கொண்டு போனால் மனதில் கிடப்பது வெளியே வந்து ஆறிவிடுமா என்று கேட்கிறீர்கள். ரிக்கற்றும் எடுத்துவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அவளிடம் இன்னும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன்.

முதலில் கேளுங்கள். வரமாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஏன் என்று துருவ வேண்டாம்.

நான் உளவளத்துணையாளர் இல்லை, வைத்தியரும் இல்லை. வன்னியில், விசுவமடுவில் பிறந்தவள். 2009 இல் எனக்கு 9 வயது. ஜனவரியில் உடையார்கட்டு, சுதந்திரபுரம், பிறகு இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசிவரை இருந்து, மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தோம். இதைத் தகுதி காட்டச் சொல்லவில்லை. எந்த இடத்தில் நின்று எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

2022 இல் கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதிகளோடு ஒரு கண்காட்சிக்குப் போனேன். கறுப்புத் துணி போட்டு மறைத்த அறை. உள்ளே போனால் காலுக்குக் கீழே மணல். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெல்ல, தலைக்கு மேலே ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குப் போவது போல, வண்டுச் சத்தம். வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஆளில்லாத வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அது வந்து சுற்றினால் பின்னால் செல், அதாவது எறிகணை, வரும். அந்த இரைச்சல் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், ஓடவேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மணலில் குந்தியிருந்தேன். காதுக்குள் விரல், வாய் ஆவென்று திறந்தபடி. செல் விழும்போது வாயைத் திறந்து வைத்திருந்தால் காதுச் சவ்வு கிழியாது என்று அப்பா சொல்லித் தந்தது. 13 வருடத்துக்குப் பிறகும் என் வாய் தானாகத் திறந்தது. எந்தப் பக்கம் வாசல் என்று தெரியவில்லை, எந்தத் துணியை விலக்கினாலும் சுவர். ஒரு சிநேகிதிதான் என்னைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். வெளியே ஒரு மேசை, அதில் ஒரு கொப்பி. உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. அதற்குப் பிறகு மூன்று கிழமை லைற்றை அணைத்துவிட்டு என்னால் படுக்க முடியவில்லை.

அதைச் செய்த கலைஞரில் எனக்குக் கோபம் இல்லை. அது போரைக் காணாதவர்களுக்காகச் செய்த அறை. காணாதவர்கள் ஐந்து நிமிடமாவது அப்படி நிற்பது நல்லதுதான். ஆனால் கண்டவர்களுக்கும் அதே வாசலைத் திறந்துவிட்டு, இது ஆற்றும் என்று சொல்லக்கூடாது.

பிறகு இதைப்பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பயங்கரமான நேரத்தில் மனதுக்குள் போவது பலருக்கு ஒழுங்கான கதையாகப் போவதில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சத்தமாக, மணமாக, உடம்பின் அசைவாகப் போய்க் கிடக்கிறதாம். கதைத்து ஆறுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் எனக்குக் கதைத்து அதைத் தொட முடியாமல்தான் இருந்தது. ஒலியும் இருட்டும் மணலும் வைத்துச் செய்யும் கலை நேராக அந்த இடத்துக்கே போகும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். அமெரிக்காவில் 1990களின் கடைசியில், வியட்நாம் போருக்குப் போய்வந்த சிப்பாய்களுக்கு மெய்நிகர்க் கண்ணாடி போட்டு ஹெலிகொப்ரர் சத்தத்தையும் காட்டையும் திரும்பக் காட்டிச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். அங்கே சிகிச்சையாளர் பக்கத்திலேயே இருப்பார். ஆள் தாங்கும் அளவு பார்த்துக் கூட்டுவார், குறைப்பார். எங்கள் பக்கத்தில், மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து மண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டி நடித்தார்கள். ஒரு நாள் விழாவாக இல்லை, மாதக்கணக்கில். தனி ஆளின் காயத்தைப் போலவே ஊர் முழுவதற்குமான காயம் ஒன்றும் இருக்கிறது, அதை ஊராகச் சேர்ந்துதான் ஆற்றவேண்டும் என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடமாக எழுதி வருகிறார். அதை நான் நம்பியது என் வீட்டிலேயே கண்ட பிறகுதான்.

2023 இல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்த இரண்டு பேரும் நானும் சேர்ந்து, சும்மா கிடந்த ஒரு நெல் களஞ்சியத்தில் ஒரு அறை செய்தோம். சீலைப் பைகளால் கட்டிய அறை.

கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் நிற்காது. வெட்ட வெட்டச் சரியும், ஆழமாகப் போனால் தண்ணீர் ஊறும். மணல் மூட்டை அடுக்கித்தான் சுவர் எழுப்பவேண்டும். உரப்பை முடிந்ததும் பெண்கள் தங்கள் சீலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள். முள்ளிவாய்க்காலில் பட்டும் நைலெக்ஸும் பூப்போட்ட வாயில் சீலையும் மணலோடு கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் அறைக்கு ஊர்ப் பெண்களிடம் பழைய சீலைகள் வாங்கினோம். மணலுக்குப் பதிலாக உமி நிரப்பினோம். அறைக்கு இரண்டு வாசல், இரண்டிலும் கதவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றை உள்ளே போகிறவரின் கையிலேயே கொடுத்தோம். வண்டும் இல்லை, செல்லும் இல்லை. கால்மிதித் தையல் மெசின் ஓடும் சத்தம் மட்டும், தூரத்தில் கேட்பது போல. வாசலில் பக்கத்து வீட்டு மாமி பிளேன்ரீயோடு இருந்தா. வெளியே வருகிறவரோடு கதைப்பதும், கதைக்காவிட்டால் சும்மா பக்கத்தில் இருப்பதும்தான் அவவின் வேலை.

அம்மா நாலு நாளாக வரவில்லை. ஐந்தாம் நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவ, வாசலில் நின்று எட்டிப் பார்த்தா.

"இதென்ன தையல் பிள்ளை? இப்பிடித் தைச்சா மண்ணெல்லாம் கொட்டுண்டு போகும்."

உள்ளே வந்து ஒரு பையை எடுத்து மடியில் வைத்தா. ஓரத்தை நகத்தால் கிளப்பி, நூலை உருவி எடுத்துவிட்டு, துணியை இரண்டு மடிப்பு மடித்து, கையாலேயே நெருக்கமாகத் தைக்கத் தொடங்கினா. நைலெக்ஸ் வழுக்கும், அடுக்கினால் நிற்காது, பருத்திச் சீலைதான் திறம் என்று சொல்லிக்கொண்டே தைத்தா. ஒரு சீலையில் எத்தனை பை வரும், கரையைக் கிழித்து நாடாவாக்கிப் பையின் வாயை எப்படிக் கட்டுவது என்று, கறிக்குக் கூட்டுச் சொல்வது போல.

இங்கே என் கதையைச் சொல்லவேண்டும். வாயைக் கட்டுவது அப்போது என் வேலை. வலைஞர்மடத்தில் ஒரு பின்னேரம் வண்டுச் சத்தம் கேட்டு, ஒரு பையைக் கட்டாமல் போட்டுவிட்டு ஓடினேன். அன்றிரவு பக்கத்தில் செல் விழுந்து பங்கரின் ஒரு மூலை சரிந்தது. அம்மம்மா அந்த மூலையில்தான் படுத்திருந்தா. நான் கட்டாத பைதான் அந்த மூலையில் இருந்தது என்று 14 வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரிடமும் சொன்னதில்லை. வண்டுச் சத்தம் என்றால் எனக்குச் செல் மட்டும் இல்லை, அந்தப் பையும்தான்.

அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. தைத்துக்கொண்டே தானாகச் சொன்னா:

"கொம்மம்மா படுத்த மூலைக்குப் பை வைக்கேல்லை. சீலை முடிஞ்சு போச்சு. தறப்பாளைத்தான் இழுத்துக் கட்டினது. என்ர கலியாணக் கூறைச்சீலை பெட்டிக்கை கிடந்தது. அதைக் கிழிக்க மனம் வரேல்லை. அடுத்த நாள்தான் கிழிச்சனான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. அவவின் ஊசியில் நூல் முடிந்திருந்தது, கோத்துக் கொடுத்தேன்.

ஒரே மூலையை இரண்டு பேரும் 14 வருடமாகத் தூக்கிக்கொண்டு ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறோம். இரண்டு கிழமை கழித்து, குசினியில் வைத்துத்தான் என் பையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "நீ விட்டிட்டு ஓடின பையை நான் கட்டினனான். ஓடு எண்டு கத்தினதும் நான்தான்" என்றா. நான் அவவின் கூறையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அதை விடு" என்றுவிட்டா. அவவுக்கு ஆறியதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு நித்திரை வருகிறது. தீபாவளி வெடிக்கு இன்றைக்கும் திடுக்கிடுவேன்.

காயத்தைக் கிளறிப் படம் காட்டுகிறார்கள் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: நாங்கள் ரிக்கற் விற்கவில்லை, உள்ளே ஒருவரையும் படம் எடுக்க விடவில்லை. இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, பட்டதால் சொல்கிறேன். 2009 இல், போருக்குள் இருந்து வந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாமில், நாங்கள் இராமநாதன் முகாமில் இருந்தோம். ஒரு அமைப்பு வந்து பிள்ளைகளுக்குப் பஸ்ரல் பெட்டியும் தாளும் தந்து கனவு வீடு கீறச் சொன்னது. நான் பங்கர் கீறினேன். வந்திருந்த அக்கா என் தாளை வாங்கி, மேலே தன் கையால் ஒரு சூரியன் கீறி, "இப்ப வடிவா இருக்கு" என்றா. எல்லாப் படங்களையும் கட்டிக்கொண்டு போனார்கள். எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. 9 வயதுப் பிள்ளை தன் கையால் கீறிய இருட்டு அவளுடையது. அதற்கு மேலே இன்னொருவர் சூரியன் வைக்கக்கூடாது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் எழுதிவிடுகிறேன். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அதே களஞ்சியத்தில் மண் வேலையும் சித்திரமும் செய்கிறோம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பிள்ளைகள் கை காட்டினால் பஸ் நிற்பதில்லை. சீசன் ரிக்கற், அதாவது பள்ளிப் பிள்ளைகளுக்கான சலுகைச் சீட்டு, வைத்திருக்கும் பிள்ளைகள் என்றால் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பெரிய ஆள் பக்கத்தில் நின்றால் மட்டும் பிரேக் பிடிக்கிறது. வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிள்ளைகளின் உளநலம் பற்றிக் கூட்டம் போடுகிறவர்கள், அந்தப் பஸ்ஸை நிற்பாட்ட ஏதாவது செய்தால் புண்ணியமாகப் போகும்.

சரி, உங்கள் மருமகளுக்கு வருகிறேன். அவள் தானாகப் போகவேண்டும் என்று சொன்னால், முதலில் அந்தக் கண்காட்சிக்குப் போன் எடுத்துக் கேளுங்கள்: உள்ளே என்ன சத்தம் வரும், எவ்வளவு நேரம், இடையில் வெளியே வர வழி எங்கே, வெளியே வந்தால் பக்கத்தில் இருக்க ஆள் உண்டா. வண்டோ, குண்டு போடும் கிபிர் விமானமோ என்றால் அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று மறைக்க வேண்டாம். அவளுக்கு நித்திரை இல்லாத இரவுகள் இருக்கிறதென்றால், கண்காட்சிக்கு முதல் ஒரு நல்ல உளவளத்துணையாளரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அக்காவையும், அதாவது பிள்ளையின் தாயையும், இதற்குள் சேர்க்கப் பாருங்கள். அவவிடமும் ஒரு மூலை இருக்கும். கண்காட்சியை விட, இரண்டு பேரும் சேர்ந்து கையால் ஏதாவது செய்வது நல்லதாக இருக்கலாம். தையலோ, மண்ணோ, சமையலோ, எதுவானாலும் சரி.

போவதென்று முடிவானால், நீங்கள் உள்ளே போகவேண்டாம். வெளிவரும் வாசலில் நில்லுங்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று கையில் வைத்திருங்கள். வந்ததும் "எப்பிடி இருந்தது" என்று மட்டும் கேட்காதீர்கள்.