கிரீன்விச் பார்க்க பேக்கேஜ் எதற்கு?

கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூலையில் லண்டன் போகிறோம். மூட்டுவலி உள்ள அம்மா, மனைவி, 10 வயது மகன் கூட வருகிறார்கள். தேம்ஸ் கரையில் உள்ள கிரீன்விச்சுக்குப் படகு, நுழைவுச்சீட்டு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு ஏஜென்ட் பேக்கேஜ் தருகிறார். வாங்கலாமா?"

வேண்டாம். ஏஜென்ட் அனுப்பிய பட்டியலை முதலில் படித்துப் பாருங்கள். "கடல்சார் அருங்காட்சியக நுழைவு உட்பட" என்று இருக்கும். அதற்குக் கட்டணமே கிடையாது! பக்கத்தில் உள்ள குயின்ஸ் ஹவுஸும் இலவசம்தான். இலவசத்தை விற்பதை ஒரு தொழிலாகவே வைத்திருக்கிறார்கள். காசு கொடுக்க வேண்டிய பெரிய இடங்கள் மூன்று: கட்டி சார்க் கப்பல், வானாய்வகம், பழைய கடற்படைக் கல்லூரியில் உள்ள ஓவிய மண்டபம். முதல் இரண்டும் ஒரே நிர்வாகம், மூன்றாவது வேறு அறக்கட்டளை. அதனால் "எல்லாம் சேர்த்து" என்று விற்கும் சீட்டில் மூன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சீட்டை அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள்.

சரி, போகும் வழி. லண்டன் நடுவில் உள்ள 'பேங்க்' என்ற நிலையத்திலிருந்து டிஎல்ஆர் என்ற இலகு ரயில், இறங்க வேண்டியது கட்டி சார்க் நிலையம், லிஃப்ட் இருக்கிறது. அங்கே தடுப்புக் கதவு கிடையாது, கம்பத்தில் உள்ள கருவியில், ஏறும்போது தொட்ட அதே வங்கிக் கார்டை நீங்களாகவே தொட்டுவிட்டு வெளியே வர வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். கதவும் வைக்க மாட்டார்கள், மறந்தவனையும் விட மாட்டார்கள், என்ன நியாயமோ! பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கார்டு வேண்டும், ஒரே கார்டை மூன்று பேருக்குத் தட்ட முடியாது. ஏறும்போது கார்டு, இறங்கும்போது கைபேசி என்றும் மாற்றாதீர்கள், அது இரண்டு பயணமாகப் பதிவாகும்.

உங்கள் மகன் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 11 வயது முடியாத பிள்ளைக்கு, பெரியவர் கூட இருந்தால், டிஎல்ஆரிலும் மெட்ரோவிலும் கட்டணம் இல்லை. ஆனால் ஆற்றுப் படகில் அப்படி இல்லை. அங்கே 5 வயதிலிருந்தே குழந்தைக் கட்டணம் உண்டு, அவனுக்காக இன்னொரு கார்டைத் தட்டினால் பெரியவர் கட்டணம்தான் பிடிக்கும், எனவே துறையிலேயே குழந்தைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் உச்சவரம்பு இருக்கிறதே, படகு அந்தக் கணக்கில் சேராது. போகும்போது ரயில், திரும்பும்போது மட்டும் படகு. ஆற்றை ஒரு தடவை பார்த்தால் போதும்.

அம்மாவுக்கு வானாய்வகம்தான் சிக்கல், செங்குத்தான மேடு. டாக்சியில் பிளாக்ஹீத் வாசலுக்குப் போனால் அங்கிருந்து பாதை சமமாக இருக்கும். அங்கே காசு கொடுத்து மிதித்து நிற்கும் பூஜ்ய தீர்க்கரேகைக் கோட்டில் உங்கள் கைபேசி பூஜ்யம் காட்டாது. அந்தக் கோடு 1884இல் உலகம் ஏற்றுக்கொண்டது, ஜிபிஎஸ்ஸின் பூஜ்யமோ சுமார் 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் விழுகிறது. அங்கே நிற்கச் சீட்டு வேண்டாம்.

மகனுக்குக் கட்டி சார்க்கை விடாதீர்கள். சீனத் தேயிலையை வேகமாகக் கொண்டுவர 1869இல் கட்டிய பாய்மரக் கப்பல், அதே வருடம் சூயஸ் கால்வாய் திறந்து, குறுக்கு வழி நீராவிக் கப்பல்களுக்குக் கிடைத்துவிட்டது, பாவம். 2007இல் தீப்பிடித்து, 2012இல் மறுபடி திறந்தார்கள். கப்பலைத் தூக்கி நிறுத்தியிருப்பதால் அடிவயிற்றுக்குக் கீழேயே நடக்கலாம்.

அம்மா களைத்துவிட்டால் ஓவிய மண்டபத்துக்குக் கூட்டிப் போங்கள். ஓவியர் தார்ன்ஹில் 19 வருடம் வரைந்த கூரை அது, கடற்படைத் தளபதி நெல்சனின் உடலை 1806இல் மக்கள் பார்வைக்கு வைத்ததும் அங்கேதான். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காமல் இருக்க, சாய்ந்து படுத்துப் பார்க்கும் இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். அவரை அதில் விட்டுவிட்டு நீங்கள் கப்பலைப் பார்த்துவிட்டு வரலாம்.