எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்: தடுப்பூசி போட்டால் ஆன்டிபாடி வருமா?

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு வணக்கம்ங்க. ஏழு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ரத்தப் பரிசோதனையிலும் எச்பிஎஸ்ஏஜி (கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம்) பாசிட்டிவ், ஆன்டி-எச்பிஎஸ் (அந்தப் புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி) இல்லை, ஆன்டி-எச்பிசி (வைரஸின் கோர் புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி) மட்டும் இருக்கிறது. தடுப்பூசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைரஸ் ஏற்கெனவே உடம்பில் தங்கிவிட்டதால் உங்களுக்கு அது பயன்படாதுங்க.

ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் மேலுறைப் புரதத்தை வெறும் கூடுகளாக, முழு வைரஸைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக ரத்தத்தில் கொட்டுகிறது. உடம்பு உண்டாக்கும் கொஞ்சநஞ்ச ஆன்டிபாடியும் அவற்றில் ஒட்டியே தீர்ந்துவிடும். அதைச் சுரக்கவேண்டிய பி செல்களும் (ஒருவகை ரத்த வெள்ளையணுக்கள்) இந்த வைரஸுக்கு எதிராகச் சரியாக வேலை செய்வதில்லை. ஆன்டி-எச்பிசி காப்பாற்றாது. அது பிடிக்கும் கோர் புரதம் வைரஸ் உறைக்குள்ளே இருக்கிறது, எட்டாது.

இப்போது எடுக்க வேண்டியவை எச்பிஇஏஜி (வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் விடும் இன்னொரு புரதம்), ஆன்டி-எச்பிஇ (அதை எதிர்க்கும் ஆன்டிபாடி), எச்பிவி டிஎன்ஏ அளவு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பது), எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வயிற்று ஸ்கேன், முடிந்தால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் தழும்பை அளக்கும் ஸ்கேன்). ஆன்டி-எச்பிஇ வந்துவிட்டால் வைரஸ் அடங்கிவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கோர் மரபணுவின் முன்பகுதி மாறிய வைரஸ், எச்பிஇஏஜி இல்லாமலே பெருகும். அதனால் டிஎன்ஏ பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். கீழாநெல்லியோடு நிறுத்திவிடவும் வேண்டாம். வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கினால் நீங்களாக நிறுத்தக்கூடாது. வேறு நோய்க்கு டாக்டர் ஸ்டீராய்டு எழுதினால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், அது வைரஸைக் கிளப்பிவிடலாம்.

மனைவி, குழந்தைகளுக்கு எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ், ஆன்டி-எச்பிசி மூன்றும் பாருங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதங்களில் ஊசி. கடைசி ஊசிக்கு 1–2 மாதம் கழித்து ஆன்டி-எச்பிஎஸ் மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது (mIU/mL) இருக்க வேண்டும்.