உலகமே கனவு காணுற வேலை எது? காரைக்குடியில அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கற கடையில இருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: உலகம் முழுக்க மக்கள் ரொம்ப ஆசைப்படற வேலை எது, நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் அதுக்குத்தான் ஆசைப்படறாங்களா?

யார்கிட்ட கேக்கறோங்கறதப் பொறுத்து பதில் மாறும். "இந்த வேலைக்கு எப்படிப் போறது"ன்னு ஜனங்க கூகுள்ல தேடறத நாடு நாடா எடுத்து, வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்பற ரெமிட்லிங்கற கம்பெனி ஒரு கணக்கு போட்டுச்சு, அதுல பைலட்தான் முன்னாடி நின்னுச்சு, அதுக்கு அடுத்து எழுத்தாளர். அதே கேள்விய 15 வயசுப் பிள்ளைங்ககிட்ட கேட்டா வேற பதில். ஓஇசிடிங்கற வளர்ந்த நாடுங்களோட அமைப்பு, பல நாட்டுப் பிள்ளைங்களுக்கு வைக்கற பீசா தேர்வுல, 2018ல 41 நாட்டுப் பிள்ளைங்ககிட்ட 30 வயசுல என்னவா இருப்பீங்கன்னு கேட்டது 2020ல வெளிவந்துச்சு. பொண்ணுங்க சொன்னது டாக்டர், டீச்சர், மேனேஜர், வக்கீல், நர்ஸ். பசங்க சொன்னது இன்ஜினியர், மேனேஜர், டாக்டர், கம்ப்யூட்டர் வேலை, விளையாட்டு வீரர். உலகத்துல எத்தனை ஆயிரம் வேலை இருக்கு, ஆனா பொண்ணுங்கள்ல 53 சதவீதம், பசங்கள்ல 47 சதவீதம் வெறும் பத்து வேலைக்குள்ளயே நின்னுட்டாங்க. இன்னும் சின்னப் பிள்ளைங்க, ஏழுல இருந்து பதினோரு வயசுன்னா, 20 நாட்டுல 20,000 பேர படம் வரையச் சொல்லி 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல விளையாட்டு வீரர் முதலிடம். 2019ல நிலாவுக்குப் போன 50வது வருஷத்த ஒட்டி லெகோ கம்பெனிக்காக ஒரு சர்வே எடுத்தாங்க, அமெரிக்காவுல 29 சதவீதம் பிள்ளைங்க யூடியூபர் ஆகணும்னாங்க, விண்வெளி வீரர்னு சொன்னது 11 தான். சீனாவுல 56 சதவீதம் விண்வெளி வீரர்!

பைலட், டாக்டர், டீச்சர், இன்ஜினியர், பிளேயர், யூடியூபர். நேரடியா பதில் வேணும்னா இவ்வளவுதான். ஆனா எனக்கு இதுல சொல்ல வேண்டியது வேற ஒண்ணு இருக்கு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

காரைக்குடி செக்காலை பக்கம் நெட் சென்டர் வச்சிருக்கேன். பரீட்சை அப்ளிகேஷன், கவுன்சிலிங் சாய்ஸ் பில்லிங், ஹால் டிக்கெட், ஸ்காலர்ஷிப், எல்லாம் இங்கதான் நடக்கும். புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர்னு சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வரும். போட்டோவ 50 கேபிக்குக் குறைக்கறது, ஓடிபி வர்ற வரைக்கும் அப்பா போன பிடிச்சுக்கிட்டு நிக்கறது, கம்யூனிட்டி சர்டிபிகேட்ல இனிஷியல் ஒண்ணு மார்க் ஷீட்ல ஒண்ணுன்னு தாலுகா ஆபீசுக்கு ஓடறது. ஒரு பிள்ளை என்னவா ஆக நினைக்குதோ அது முதல்முதலா எழுத்துல ஏறற இடம் என் கடை மாதிரி இடங்கதான். அதனால எனக்கு இது விளையாட்டுப் பேச்சு இல்ல.

இங்க வர்ற ஆசை என்னன்னா, மே மாசம் வரைக்கும் நீட், அதுக்கப்புறம் இன்ஜினியரிங், நர்சிங், வருஷம் முழுக்க டிஎன்பிஎஸ்சி, போலீஸ். 2024ல நீட்டுக்குப் பதிவு பண்ணவங்க 24 லட்சத்துக்கு மேல, நாடு முழுக்க எம்பிபிஎஸ் சீட் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலதான். அதே வருஷம் குரூப் 4ல முதல்ல அறிவிச்சது 6,244 இடம், அப்ளிகேஷன் 20 லட்சத்தத் தாண்டிச்சு. எங்க பக்கம் விஏஓ ஆகறதுங்கறது பைலட் ஆகறதவிடப் பெரிய கனவு, அதுல தப்பும் இல்ல, மாசாமாசம் சம்பளம், சொந்த மாவட்டம், ஊர்ல ஒரு மரியாதை.

போன வருஷம் நடந்த ஒண்ணு சொல்றேன். புதுவயல்ல இருந்து ஒரு பொண்ணும் அப்பாவும் வந்தாங்க, அப்பா அரிசி ஆலையில மூட்டை தூக்கறவரு, சட்டைத் தோள்ல தவிடு அப்படியே ஒட்டியிருக்கு. "அண்ணே, பிள்ளை ஏதோ பைலட்டுங்குது, அதுக்கு எந்த அப்ளிகேஷன் போடணும், எவ்வளவு ஆகும்"னு கேட்டாரு. பொண்ணு பேசவே இல்ல, ஒரு நோட்ட மட்டும் நீட்டுச்சு. அதுல டிஜிசிஏ (விமானத்துறையக் கட்டுப்படுத்தற அரசு அமைப்பு), சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்), கிளாஸ் 1 மெடிக்கல், 200 மணி நேரம்னு எல்லாம் அழகா எழுதி வச்சிருக்கு. எல்லாமே சரி. பிளஸ் டூவுல எந்த குரூப்புன்னு கேட்டேன், ப்யூர் சயின்ஸ்னு சொல்லுச்சு. கணக்கு இல்ல. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு பன்னெண்டாவதுல பிசிக்ஸும் மேத்ஸும் வேணும். "எனக்கு யாரும் சொல்லலண்ணா"ன்னு அப்பத்தான் வாயத் திறந்துச்சு.

சொல்றதுக்கு ஆளே இல்லங்கறதுதான் விஷயம். பத்தாவது முடிச்ச கையோட, பக்கத்து வீட்டு அக்கா எடுத்தாங்கன்னு ப்யூர் சயின்ஸ் எடுத்துருக்கு, அந்த ஒரு கையெழுத்துல பைலட்டுக்குப் போற வழி பாதி அடைஞ்சு போச்சு. முழுசா அடையல, என்ஐஓஎஸ்ங்கற மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளியில கணக்கு மட்டும் தனியா எழுதிப் பாஸ் பண்ணா ஏத்துக்குவாங்க, அத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பினேன். பணம் அரைக் கோடிக்கு மேல ஆகும்ங்கறதையும் மறைக்காம அப்பாகிட்ட சொன்னேன், அவரு அதிர்ச்சியெல்லாம் காட்டல, "கவர்மெண்ட்டுல ஏதாச்சும் உண்டா பாருங்க"ன்னாரு. உத்தரப் பிரதேசத்துல ரேபரேலி பக்கத்துல மத்திய அரசோட விமானப் பயிற்சி நிலையம் இருக்கு, அங்கயும் செலவு பெருசுதான், ஆனா எங்க கேக்கணும்னாவது தெரியுமே. இந்திய பைலட்டுகள்ல கிட்டத்தட்ட 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியவிட ரெண்டு மடங்குக்கும் மேல. இதச் சொன்னப்ப அந்தப் பொண்ணு நோட்டத் திருப்பி வாங்கி அந்த எண்ணையும் எழுதிக்கிச்சு.

நான் சொல்ல வர்றது இதுதான்: ஆசை வானத்துல இருந்து விழறது கிடையாது. கண்ணுல படற மனுஷனப் பார்த்துத்தான் வருது. இதுக்கு செட்டிநாட்டவிட நல்ல சாட்சி கிடையாது.

எங்க ஐயா, அதாவது தாத்தா, காலத்துல இங்க ஒரு பையனோட கனவு வேலை பெட்டியடிப் பையன். சிரிக்காதீங்க. பர்மாவுலயோ மலேயாவுலயோ வட்டிக்கடையில முதலாளி பெட்டி பக்கத்துல உட்கார்ந்து எடுபிடி வேலை பார்த்து, கணக்குப் பழகி, அடுத்தாள் ஆகி, மேலாள் ஆகி, கடைசியில சொந்தமா ஒரு கடை. மூணு வருஷம் வேலை பார்க்கறது 'ஒரு கணக்கு', அதுக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கப்பல் ஏறணும். ஐயா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போனவரு. அவரு சேக்காளிங்க அத்தனை பேரும் அதே ஆசையோடதான் இருந்தாங்க, ஏன்னா ஊர்ல வீடு கட்டினவன், தேக்கு இறக்கினவன், கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டவன் எல்லாம் அங்க போய் வந்தவன். கண்ணு முன்னாடி வேற மாதிரி ஜெயிச்ச மனுஷனே இல்ல. அந்தக் கனவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லணும், 1930கள்ல உலகப் பொருளாதார மந்தம் வந்து பர்மா விவசாயிங்க கடன் கட்ட முடியாமப் போய், கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டத்துல கால்வாசி நிலம் செட்டியார்மாருங்க கைக்கு வந்துருச்சு. நம்ம ஊர் அரண்மனை வீட்டப் பார்த்துப் பெருமைப்படறப்ப அந்த ஊர் விவசாயியையும் நினைக்கணும்னு எனக்குத் தோணும். 1942ல ஜப்பான்காரன் வந்ததும் நடந்தே ஊர் திரும்பினவங்க நிறைய பேரு, அப்புறம் அந்த நிலமும் அந்த நாட்டு அரசாங்கத்துக்கே போயிருச்சு.

அப்பச்சி, அதாவது எங்க அப்பா, காலத்துல கனவு அப்படியே பேங்க் வேலையா மாறுச்சு. இதுக்கும் காரணம் பக்கத்துலயே இருக்கு. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ல இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் ஆரம்பிச்சப்ப ஒரே நாள்ல திறந்த கிளைங்க காரைக்குடி, சென்னை, ரங்கூன். 1969ல பேங்க்கெல்லாம் அரசுடைமை ஆனதும் சம்பளம், டிரான்ஸ்ஃபர்னாலும் கௌரவம், எல்லாம் சேர்ந்துக்கிச்சு. தெருவுல ஒருத்தர் ஆபீசர் ஆனா அடுத்த வருஷம் அந்தத் தெருவுல அஞ்சு பேரு பேங்க் பரீட்சைக்குப் படிப்பாங்க. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர், அமெரிக்கா, சிங்கப்பூர். கனவு மாறல, பார்த்த ஆளு மாறிட்டாரு.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லங்கறதுக்கு ஜப்பான் ஒரு உதாரணம். அங்க தாய்-இச்சி லைஃப்ங்கற இன்சூரன்ஸ் கம்பெனி வருஷா வருஷம் பிள்ளைங்ககிட்ட என்ன ஆகணும்னு கேக்கும். 2021ல வெளியிட்டதுல தொடக்கப்பள்ளிப் பசங்க முதலிடம் குடுத்தது ஆபீஸ் வேலைக்கு! கொரோனாவுல அப்பாங்க வீட்டுல உட்கார்ந்து லேப்டாப்ல வேலை பார்த்தத அந்தப் பிள்ளைங்க கிட்ட இருந்து பார்த்துச்சுங்க. நான் மேல சொன்ன 20 நாட்டு ஆய்வுலயும் அதேதான், டிவி சினிமா பார்த்து வந்த ஆசை, தெரிஞ்சவங்களப் பார்த்து வந்த ஆசை, ரெண்டும்தான் அதிகம். ஸ்கூலுக்கு யாராவது வந்து தங்களோட வேலையப் பத்திப் பேசினதால ஆசை வந்துச்சுன்னு சொன்ன பிள்ளைங்க ஒரு சதவீதம்கூட இல்ல. இந்த ஒரு வரிதான் என்னத் தூங்க விடல.

ஏன்னா எங்க ஊர்ல காட்டறதுக்கு ஆள் இல்லாமலா இருக்கு? கோட்டையூர்ல 1909ல பிறந்த வள்ளல் அழகப்பர் லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போன இடத்துல விமானம் ஓட்டவும் பழகிட்டு வந்தவரு, பின்னாடி ஜூபிடர் ஏர்வேஸ்னு விமானக் கம்பெனியே நடத்தினவரு. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் ரெண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் இன்னும் கிடக்கு. அந்தப் புதுவயல் பொண்ணுக்கு இது எதுவுமே தெரியாது, அழகப்பர்னா காலேஜ் பேருன்னுதான் தெரியும். அவரு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்துத்தான் சிக்ரி இங்க வந்துச்சு, 1948 ஜூலை 25ல நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்துல ராதாகிருஷ்ணன் திறந்து வச்சாரு. மின்வேதியியலுக்குன்னே நாட்டுல இருக்கற பெரிய ஆராய்ச்சி நிலையம், பேட்டரி, துருப்பிடிக்காமத் தடுக்கறது, இப்ப எலக்ட்ரிக் வண்டி உலகமே எத நம்பி ஓடுதோ அந்த வேலை, காலேஜ் ரோட்டுல காம்பவுண்ட் சுவருக்கு அந்தப்பக்கம் நடக்குது. சுவத்துக்கு இந்தப்பக்கம் தினம் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்கள்ல, பேட்டரி விஞ்ஞானி ஆகணும்னு என் கடையில வந்து சொன்ன பிள்ளை ஒண்ணுகூட இல்ல. அங்கயே கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல்னு பி.டெக் இருக்கறதச் சொன்னா பெத்தவங்க "அது என்ன கோர்ஸு தம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்க"ங்கறாங்க.

அதே மாதிரிதான் வீட்டுத் தரையில பதிக்கற ஆத்தங்குடிக் கல்லு. கண்ணாடி மேல அச்ச வச்சு, கலர் சிமெண்ட்டக் கரண்டியால ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்தி, அச்ச அசையாமத் தூக்கறாங்க பாருங்க, அந்தக் கை நடுங்கினா பூவு கலைஞ்சுரும். அத டிசைன் படிப்போட சேர்த்து யோசிக்கற ஒரு பிள்ளை வந்தா எவ்வளவு நல்லா இருக்கும். ஓஇசிடி பட்டியல்ல பொண்ணுங்க ஆசைப்பட்ட பத்து வேலையில டிசைனரும் ஒண்ணு, ஆர்க்கிடெக்ட்டும் ஒண்ணு. அந்த வேலைக்குப் பாடமே இங்க வீட்டுத் தரையில இருக்கு.

டாக்டர் கனவு வேணாம்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 2020ல இருந்து 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தப்புறம், எங்க கடையில அப்ளிகேஷன் போட்டு டாக்டருக்குப் படிக்கப் போன பிள்ளைங்க உண்டு, அந்த வீட்டுச் சந்தோஷத்தப் பார்த்திருக்கேன், அதுக்கு ஈடே கிடையாது. ஆனா மூணாவது தடவ நீட் எழுதிட்டு, வேற எதுக்குமே அப்ளை பண்ணாம, வேற என்ன இருக்குன்னே தெரியாம நிக்கற பிள்ளைங்களையும் நான்தான் பார்க்கறேன். அதுங்க முகத்தப் பார்த்துட்டு உலக சர்வே எண்ணெல்லாம் படிச்சா கோவம்தான் வருது.

இப்ப நான் செய்யறது சின்ன வேலை. தெரிஞ்ச அரசுப் பள்ளி ஒண்ணுல ஹெச்எம்கிட்ட பேசி, மாசம் ஒரு சனிக்கிழம ஒருத்தரக் கூட்டிட்டுப் போறோம். ரயில் டிரைவர் ஒருத்தர் வந்தாரு, ஐசியூ நர்ஸ் ஒருத்தங்க வந்தாங்க, நைட் டூட்டி எப்படி இருக்கும், சம்பளம் எவ்வளவு, எந்த குரூப் எடுத்தா போக முடியும்னு அவங்க வாயாலயே சொல்லச் சொல்றோம். புகழ்ந்து பேசறவங்களவிட, கஷ்டத்தச் சொல்றவங்ககிட்டதான் பிள்ளைங்க அதிகம் கேள்வி கேக்குதுங்க. ரயில் டிரைவர்கிட்ட ஒரு பையன் "ஆள் குறுக்க வந்தா என்ன சார் பண்ணுவீங்க"ன்னு கேட்டான், அவரு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் உள்ளதச் சொன்னாரு. அதுக்கப்புறமும் அந்தப் பையன் அதே வேலைக்குத்தான் போவேங்கறான். அந்த மாதிரி ஆசைய நான் நம்புவேன்.

கேள்வி கேட்டவரு எந்த ஊருன்னு தெரியல. காரைக்குடி பக்கம் யாராவது இதப் படிச்சீங்கன்னா, உங்க வீட்டுப் பிள்ளை பத்தாவது ரிசல்ட் வந்து பிளஸ் ஒன் குரூப் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கடைக்குக் கூட்டிட்டு வாங்க, எந்த வேலைக்கு எந்தப் பாடம் கண்டிப்பா வேணும்னு எழுதி வச்சிருக்கேன், பிரிண்ட் எடுத்துத் தர்றேன், அதுக்குக் காசு வாங்கறதில்ல. சிக்ரியில வேலை பார்க்கறவங்க யாராவது படிச்சா, ஒரு சனிக்கிழம காலையில ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பள்ளிக்கூடத்துக்கு வர முடியுமான்னு கமெண்ட்ல சொல்லுங்க.