கணினி கேள்வி – பதில்: ஒட்டாத மாட்யூல்

கேள்வி: உபுண்டுவில் ஓடும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில், பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் ப்ராட்லி மாட்யூலை நானே கம்பைல் செய்து சேர்த்தேன். ‘பைனரி கம்பாட்டிபிள் இல்லை’ என்று சர்வர் கிளம்பவே மறுக்கிறது. ஏன்?

பதில்: மூலநிரலின் பதிப்போ, கம்பைலுக்கு முன் கொடுக்கும் கன்ஃபிகர் தேர்வுகளோ ஓடும் சர்வரோடு பொருந்தவில்லை. டெர்மினலில் என்ஜின்எக்ஸ் என அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பெரிய ‘வி’யும் கொடுங்கள். சிறிய ‘வி’ பதிப்பு எண்ணோடு நின்றுவிடும்; பெரியது தேர்வுகள் முழுவதையும் காட்டும். எண் 1.24.0 என்றால் மூலநிரலும் அதே 1.24.0தான், 1.26 ஆகாது.

அந்தத் தேர்வுகளை அப்படியே ஒட்டி, ‘வித்-கம்பாட்’, ‘ஆட்-டைனமிக்-மாட்யூல்’ சேர்த்து கன்ஃபிகர் ஓட்டுங்கள். பிசிஆர்இ (உரையில் வடிவங்களைத் தேடும் லைப்ரரி) இல்லை என்று நின்றால் அதன் ‘டெவ்’ பேக்கேஜ் வேண்டும். கம்பைலுக்குத் தேவையான ஹெடர் கோப்புகள் அதில்தான் உள்ளன. பிறகு ‘மேக் மாட்யூல்ஸ்’ போதும். ‘மேக் இன்ஸ்டால்’ வேண்டவே வேண்டாம், ஓடுகிற சர்வர் மேலேயே எழுதிவிடக்கூடும்! கிடைக்கும் இரண்டு எஸ்ஓ கோப்புகளுக்கான (கம்பைல் ஆன மாட்யூல்கள் இவைதான்) ‘லோட் மாட்யூல்’ வரிகள், கன்ஃபிக் கோப்பில் ‘ஈவென்ட்ஸ்’ பகுதிக்கு முன்னால் வரவேண்டும்.