செத்த கோழியை அறுக்காமல் புதைக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டுக்குப் பின்னால் 14 பெட்டைக்கோழிகள் வளர்த்து வந்தேன். மூன்று மாதத்தில் நான்கு போய்விட்டன. முதலாவது நன்றாகக் கொழுத்த கோழி. மாலை வரை மேய்ந்தது, காலையில் முட்டையிடும் பெட்டிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. அடுத்தது வயிறு வீங்கி, நிமிர்ந்து நின்றபடியே நான்கு நாள் இருந்து போனது. மூன்றாவது, புதிதாக வாங்கி வந்த நான்கு மாத இளங்கோழி. ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் இழுத்துக்கொண்டு படுத்தேவிட்டது. நான்காவது இளைத்து, கொண்டை வெளுத்து, ஒருநாள் கூண்டிலிருந்து இறங்கவே இல்லை. மருந்துக் கடையில் சொன்னபடி ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலந்து எல்லாக் கோழிகளுக்கும் வைத்தேன். செத்ததை எல்லாம் புதைத்துவிட்டேன். இது என்ன நோய்? மீதி 10 கோழிகளுக்கு என்ன மருந்து கொடுக்கட்டும்?

பதில்: அம்மா, இப்போதைக்கு ஒரு மருந்தும் வேண்டாம். அந்தப் பொடியை முதலில் நிறுத்துங்கள்.

நீங்கள் ‘என்ன நோய்’ என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், ஒரே நோயாக எனக்குத் தெரியவில்லை. நான்கு கோழி, நான்கு விதமான சாவு. வெள்ளைக்கழிச்சல் போன்ற தொற்று, தடுப்பூசி போடாத கூட்டத்துக்குள் நுழைந்தால் மூன்று வாரத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு போகாது. சில நாட்களிலேயே பாதிக் கூட்டம் படுத்துவிடும். கழுத்து முறுக்கும், பச்சையாகக் கழியும், மூச்சு இழுக்கும். உங்கள் வீட்டில் சாவுகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதே ஒரு தகவல். மருந்துக் கடைக்காரர் அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ‘எத்தனை செத்தது, எத்தனை நாளில், என்ன வயது’ என்ற மூன்றையும் கேட்காமல் பொடியை எடுத்து நீட்டுகிறவர் உங்கள் கோழியைப் பற்றி யோசிக்கவே இல்லை, அம்மா. விற்பனையைத்தான் பார்க்கிறார்.

தண்ணீரில் கலந்த மருந்து யாருக்குப் போகிறது என்று பாருங்கள். நோய்ப்பட்ட கோழி தீனி எடுக்காது, தண்ணீரும் சரியாகக் குடிக்காது. நன்றாக இருக்கும் கோழிகள்தான் வயிறு நிறையக் குடிக்கும். மருந்து வேண்டியதற்குக் கிடைக்காமல், வேண்டாதவற்றுக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. அந்த முட்டையை நீங்கள் சாப்பிடுகிறீர்கள். அரைகுறையாக மருந்து பட்ட கிருமி, பிறகு நிஜமாகவே தேவைப்படும் நாளில் அதே மருந்துக்கு அடங்காது. வைரஸ், கட்டி, செள், குடல்புழு, ஈரல் கொழுப்பு என்று பின்கட்டுக் கோழிகளைக் கொல்லும் பலவற்றுக்கு ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: செத்த கோழி ஏன் செத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் பதில், அறுத்துப் பார்க்க வேண்டும். புதைத்த கோழி எதையும் சொல்லாது. ஆரம்ப காலத்தில் நானும் எட்டுக் கோழிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புதைத்தேன், மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவதைத்தான் அறுத்தேன். அரைவைப்பையைக் குத்திக்கொண்டு ஒரு துண்டுக் கம்பி நின்றது. மேய்கிற இடத்தில் வேலி கட்டிய மிச்சக் கம்பிகள் கிடந்தன. எட்டுக் கோழிக்கு முன்பே அதைப் பொறுக்கியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரே நாளில், இரண்டு நாளில் பல கோழிகள் செத்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்து முகம் வீங்கியிருந்தாலோ, அக்கம்பக்கத்தில் காட்டுப் பறவைகளும் செத்துக் கிடந்தாலோ கத்தியைத் தொடாதீர்கள். பறவைக்காய்ச்சல் மனிதருக்கும் வரும். அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, கோழிகளை விட்டுத் தள்ளி இருங்கள்.

தனியாக ஒன்று செத்தால், உடனே இறகைச் சோப்புத் தண்ணீரில் நனையுங்கள். உடம்புச் சூடு இறங்கும், தூசியும் பறக்காது. இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி, சாப்பாட்டுப் பொருள் வைக்காத குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஒரு நாளுக்குள் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். உறையவிட வேண்டாம். உறைந்து உருகினால் சதை சிதைந்து, நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஆய்வுக்கூடம் எட்டாத தூரம் என்றால் கையுறை, முகமூடி போட்டு, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் இல்லாத இடத்தில் நீங்களே பிரியுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, தொடைகளை வெளிப்பக்கம் மடக்கி மூட்டைக் கழற்றி, நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழே கீறி எலும்பை மேலே தூக்கினால் போதும், உள்ளே எல்லாம் தெரியும்.

உங்கள் முதல் கோழி பெரும்பாலும் ஈரல் வெடித்துச் செத்திருக்கும். அறுத்திருந்தால் வயிறு நிறைய மஞ்சள் கொழுப்பும், விரலால் அழுத்தினால் பொடியும் ஈரலும், அதன்மேல் உறைந்த ரத்தமும் இருந்திருக்கும். தானியமே தின்று கொழுத்த கோழிக்கு, வெயில் நாளில் முட்டையிட முக்கும்போது இது நடக்கும். இரண்டாவது, முட்டைக்கரு வயிற்றுக்குள் விழுந்து அழுகியதாக இருக்கலாம். அவித்த மஞ்சள்கரு உதிர்ந்தது போலக் கட்டிகள், நாற்றமான நீர் இருக்கும். அல்லது முட்டைக்கரு உருவாகும் கருவகத்தில் புற்று. வயதான முட்டைக்கோழிகளுக்குக் கருவகப் புற்று தானாகவே அடிக்கடி வரும், மனிதர்களின் கருவகப் புற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளவே கோழியை வைத்து ஆராய்கிறார்கள். எதுவானாலும் அந்த நிலையில் நீங்கள் காப்பாற்றியிருக்க முடியாது, அதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது எனக்குக் கவலை தருகிறது. ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே என்பது மாரெக்ஸ் நோயின் படம். அது இறகுத் தூசியில் பரவும் வைரஸ், மருந்தே கிடையாது. குஞ்சு பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசிதான் ஒரே வழி. உங்கள் பெரிய கோழிகள் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் இனி இந்த இடத்துக்குள் வரும் குஞ்சு எதுவானாலும் ஊசி போட்டதாக இருக்கட்டும். சந்தையிலோ வியாபாரியிடமோ பார்த்த மாத்திரத்தில் வாங்கி நேராகக் கூட்டத்தில் விடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்று வியாபாரி சொல்வார். எந்தத் தேதியில், என்ன ஊசி என்று கேளுங்கள், பதில் வராது. புதுக் கோழியை 3 முதல் 4 வாரம் தனியாக வைத்து, பழைய கோழிகளைப் பார்த்த பிறகுதான் அதனிடம் போக வேண்டும்.

நான்காவதைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருந்தது. கொண்டை வெளுத்து இளைத்தது என்றால் ரத்தம் குறைந்திருக்கிறது. இன்று இருட்டிய பிறகு டார்ச்சோடு கூண்டுக்குப் போங்கள். கோழி உட்காரும் கம்பின் அடியிலும், அது சுவரைத் தொடும் முனையிலும், மரப் பிளவுகளிலும் வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் சிவப்பாக நசுங்கினால் அது கோழிச்செள். பகலில் கோழிமேல் தேடினால் கிடைக்காது, ராத்திரியில் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் பிளவுக்குள் போய்விடும். கதகதப்பான காலத்தில் முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக ஒரு வாரம் போதும், அதனால் கூண்டை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு நிறுத்தினால் பயன் இல்லை. வாரம் ஒருமுறை, மூன்று தடவையாவது செய்ய வேண்டும். கோழி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பூச்சி அது.

டார்ச்சோடு போகும்போதே ஒவ்வொரு கோழியையும் தூக்கி, நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பு கத்தி போல நீட்டிக்கொண்டிருந்தால் அது பல வாரமாக இளைத்துக்கொண்டிருக்கிறது. கழுத்தடி இரைப்பை காலையிலும் காலியாகாமல் புளித்த வாசனை அடிக்கிறதா என்றும் பாருங்கள். கோழி தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் பலவீனமாகத் தெரிந்தால் கொத்து விழும் என்பதால் கடைசி நாள் வரை மேய்வது போலவே திரியும். ‘நேற்று நன்றாக இருந்தது’ என்று எல்லோரும் சொல்வது அதனால்தான். இறகுக்குள் கை போகாமல் எதுவும் தெரியாது.

எச்சம் கொஞ்சம் எடுத்து புழு முட்டை இருக்கிறதா என்று மருத்துவமனையில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மட்டும் புழு மருந்து. தீனியில் வெறும் தானியத்தைக் குறைத்து, முட்டைக்கோழித் தீவனத்தை முக்கியமாக வையுங்கள். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் சிப்பித் தூள் தனித் தட்டில் இருக்கட்டும், தேவைப்பட்டது தானே கொத்தும்.

பத்துக் கோழியின் நெஞ்செலும்பு எப்படி இருந்தது, துணியில் சிவப்பு பட்டதா, இந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு மருந்து வேண்டுமா என்று பேசலாம்.