அக்செப்டன்ஸ் டெஸ்ட்களை (பயனருக்கு வேண்டியதை சாப்ட்வேர் சரியாகச் செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை) ஸ்கிரீன் வாரியாகப் பிரிப்பதா, பயனர் செய்யும் வேலை வாரியாகப் பிரிப்பதா?

வேலை வாரியாக. ஸ்கிரீன் வாரியாகப் பிரித்தால், ரொம்ப முக்கியமான டெஸ்டுக்கு எந்த போல்டரிலும் இடம் இருக்காது; யாரும் எழுதவும் மாட்டார்கள்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் கமிஷன்காரர்களுக்கான கணக்கு சாப்ட்வேரில் வேலை பார்க்கிறேன். ஏலம், முன்பணம், பட்டுவாடா என்று மூன்று ஸ்கிரீன். விசைப்படகுக்காரர் ஒருவர் ஏப்ரல் தொடக்கத்தில் வலை வாங்க 50,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார் என்று வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அவர் படகு கடலுக்கே போகாது. தடை முடிந்து அவர் கொண்டுவரும் முதல் மீன் 80,000க்கு ஏலம் போகிறது. 5 சதவீதக் கமிஷன் 4,000, முன்பணத்தில் கழிவு 20,000. கையில் 56,000, பாக்கி 30,000. சிட்டையில் இது அப்படியே வருகிறதா? இந்த டெஸ்டை எந்த ஸ்கிரீனின் கீழ் வைப்பீர்கள்? மூன்று ஸ்கிரீனும் தனித்தனியாகப் பாஸ் ஆகிவிடும், பழைய பாக்கி மட்டும் காணாமல் போயிருக்கும்.

‘தடைக்காலத்துக்கு முன் கொடுத்த முன்பணத்தைக் கழித்துப் பட்டுவாடா செய்வது’ என்று டெஸ்டுக்குப் பெயர் வைத்துக் கமிஷன்காரரிடம் காட்டுங்கள். “பாதிய இன்னிக்குக் குடுத்துட்டு மீதிய நாளைக்குக் குடுத்தா?” என்று அடுத்த டெஸ்டை அவரே எடுத்துக் கொடுப்பார். ‘தொகையை டைப் செய்து சேவ் பட்டனை அழுத்து’ என்று எழுதிக் காட்டினால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

சரி, பட்டன்கள் எங்கே போகும்? மேலே வேலை, நடுவில் அதன் படிகள், அடியில் ஸ்கிரீனைத் தொடும் கோட். பட்டன் இடம் மாறினால் அடியில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். பேஜ் ஆப்ஜெக்ட் (ஒரு ஸ்கிரீனைத் தொடும் கோடை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது) எழுதியிருந்தால் அதுவும் அங்கேயே இருக்கட்டும்.

எது வேலை, எது வெறும் படி என்ற குழப்பம் வரும். லாகின் செய்துவிட்டு ‘அப்பாடா, முடிந்தது’ என்று யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஆகவே அது படிதான். குக்கும்பர் (டெஸ்ட்களைச் சாதாரண வாக்கியங்களாக எழுத உதவும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் கோப்பின் தலையில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டு, ‘அம்சம்’ (Feature), ‘காட்சி’ (Scenario) என்று அதன் குறிச்சொற்களையும் தமிழிலேயே எழுதலாம். கமிஷன்காரரிடம் காட்ட அது இன்னும் வசதி.

மொபைல் எண்ணில் 10 இலக்கம் இருக்கிறதா என்பது போன்ற சில்லறைச் சோதனைகளை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவை கோடின் சிறு துண்டுகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ராத்திரி ஓடவிட்ட டெஸ்ட் விடியற்கால ஏலம் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.