மின்னணுவியல் கேள்வி-பதில்: பட்டியலில் இல்லாத டிரான்சிஸ்டர்

கேள்வி: எங்கள் ஆய்வுக்கூடக் கையேட்டில் உள்ள ஒலிபெருக்கிச் சுற்றில் எஸ்எல்100 டிரான்சிஸ்டர் கொடுக்கப்பட்டுள்ளது. அதை, மின்சுற்றுகளைக் கணினியிலேயே இயக்கிப் பார்க்க உதவும் எல்டிஸ்பைஸ் மென்பொருளில் வரைந்து பார்க்க முயன்றபோது பட்டியலில் அந்த எண்ணே இல்லை. அதன் மாடலை, அதாவது டிரான்சிஸ்டரின் நடத்தையை மென்பொருளுக்குச் சொல்லும் விவரத்தை, எங்கே தேடுவது? இல்லையென்றால் எதைப் பதிலாக வைப்பது?
- பொறியியல் மாணவி, கோவில்பட்டி

பதில்: எல்டிஸ்பைஸ் அமெரிக்காவின் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் உருவானது. அந்நிறுவனம் 2017-இல் அனலாக் டிவைசஸின் கைக்குப் போனது. எல்டிஸ்பைஸின் பட்டியலில் இருப்பவை உலகச் சந்தையில் பரவலாக விற்கும் எண்கள். எஸ்எல்100 பெரும்பாலும் நம் நாட்டுக் கல்லூரிகளிலும் கடைகளிலும் புழங்கிய எண். ஆகவே, அதற்கென்று தயாரிப்பாளர் வெளியிட்ட மாடலைத் தேடி இரவைக் கழிக்க வேண்டாம். அந்தப் பெயரில் யாரேனும் எழுதி வைத்த மாடல் வரி ஒன்று கிடைத்தாலும், அதிலுள்ள எண்கள் அளந்து பெறப்பட்டவையா, வேறொரு டிரான்சிஸ்டரின் வரியில் பெயரை மட்டும் மாற்றியவையா என்பதை அறிய வழியில்லை.

பதிலாக எதை வைப்பது என்று கேட்குமுன், அந்த இடத்தில் உங்கள் சுற்று டிரான்சிஸ்டரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். கையேடுகளில் வழக்கமாக வரும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம்: 12 வோல்ட் மின்வழங்கி, பேஸில் 33 கிலோஓமும் 6.8 கிலோஓமும் கொண்ட மின்னழுத்தப் பகுப்பான், எமிட்டரில் 680 ஓம். பேஸுக்கு ஏறத்தாழ 2.05 வோல்ட் கிடைக்கும், அதில் 0.65 வோல்ட் சந்தியில் போக, மீதி 1.4 வோல்ட். மின்னோட்டப் பெருக்கம் 100 என்று கொண்டு கணக்கிட்டால் எமிட்டர் மின்னோட்டம் 1.90 மில்லிஆம்பியர்; அதையே 300 என்று கொண்டால் 2.00 மில்லிஆம்பியர். பெருக்கம் மூன்று மடங்கானபோதும் மின்னோட்டம் ஐந்து சதவீத அளவே நகர்கிறது. எமிட்டர் மின்தடையை அங்கே வைத்ததே இதற்காகத்தான். இத்தகைய சுற்றில் பட்டியலில் உள்ள 2என்2222-ஐயோ பிசி547பி-யையோ வைத்து ஓட்டினால், ஆய்வுக்கூடத்தில் நீங்கள் அளக்கும் மதிப்புகளுக்கு நெருக்கமாகவே விடை வரும்.

சுற்றில் எஸ்எல்100 என்ற பெயர்தான் தெரிய வேண்டும் என்றால், மாடலை நீங்களே எழுதலாம். அது வெறும் ஒரு வரி உரைதான். மாடல் கட்டளை, பெயர், என்பிஎன் என்ற வகை, அடைப்புக்குறிக்குள் அளவுருக்கள் என்ற வரிசையில் எழுதி, ஸ்பைஸ் கட்டளையாக வரைபடத்திலேயே ஒட்டிவிட்டு, டிரான்சிஸ்டரின் மதிப்பாக அதே பெயரைக் கொடுத்தால் போதும். பிஎஃப் என்ற அளவுருவுக்கு, உங்கள் கையில் உள்ள டிரான்சிஸ்டரை மல்டிமீட்டரில் அளந்து கிடைத்த பெருக்கத்தையே கொடுங்கள். நீங்கள் குறிப்பிடாதவற்றுக்கு மென்பொருள் தன் இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். அவற்றில் சந்தி மின்தேக்கங்கள் சுழியம் என்பதால், அதிர்வெண் வரைபடத்தின் மேல்முனையை மட்டும் நம்ப வேண்டாம்.

மாடல் எரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 100 மில்லிஆம்பியர் மட்டுமே தாங்கும் பிசி547-இல் திரையில் 2 ஆம்பியர் ஓடவிட்டாலும் அது முணுமுணுக்காது. சுற்று ரிலேயையோ சிறு மோட்டாரையோ இயக்குவதானால், மேசையில் எஸ்எல்100-க்குப் பதிலாக அதே போன்ற உலோகத் தொப்பியில் வரும், 800 மில்லிஆம்பியர் வரம்புள்ள 2என்2219ஏ-யை வாங்குவது பொருத்தம்.

பிளாஸ்டிக் உறையில் வாங்குகிறீர்கள் என்றால் கால்களைச் சரிபாருங்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222ஏ-யில் எமிட்டர், பேஸ், கலெக்டர். இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பி-க்கும் என்-னுக்கும் நடுவே ஒரு 2 கூடுதலாக வரும் பி2என்2222ஏ என்று இன்னொன்றும் விற்கிறது. அதன் கால்கள் பிசி547-இன் வரிசையில் உள்ளன. சென்னை ரிச்சி தெருவில் ‘2222’ என்று மட்டும் சொல்லி வாங்கினால், இரண்டில் எது கைக்கு வரும் என்பது கடைக்காரரின் டப்பாவைப் பொறுத்தது.

கேள்வி: 741 செயல்பாட்டுப் பெருக்கி (ஓபாம்ப்) ஐசியின் மாடல் கோப்பை ஒரு தயாரிப்பாளரிடமிருந்து பதிவிறக்கினேன். முதலில் ‘இந்தத் துணைச்சுற்று தெரியவில்லை’ என்ற பிழைச்செய்தி வந்தது. அதைச் சரிசெய்தபின், வெளியீடு மின்வழங்கியின் மின்னழுத்தத்தை ஒட்டியே நிற்கிறது.
- வாசகர், ஓசூர்

பதில்: முதற்பிழைக்குக் காரணம் பெரும்பாலும் பெயர்தான். மென்பொருள் தேடுவது கோப்பின் பெயரை அன்று. கோப்பினுள்ளே துணைச்சுற்று, அதாவது ஐசியின் மாடலாக எழுதப்பட்ட சிறு சுற்று, தொடங்கும் வரியில் எழுதியுள்ள பெயரை. அதுவும் நீங்கள் குறியீட்டுக்குக் கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

இரண்டாவதற்குக் காரணம் முனைகளின் வரிசையாக இருக்கலாம். துணைச்சுற்றின் முதல் வரியில் பெயரை அடுத்து வரும் 1, 2, 3, 4, 5 என்ற எண்களை ஐசியின் கால் எண்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவை மாடலுக்குள் மட்டும் வழங்கும் பெயர்கள். வழக்கமான வரிசை நேர் உள்ளீடு, எதிர் உள்ளீடு, நேர் மின்வழங்கி, எதிர் மின்வழங்கி, வெளியீடு என்பதாகும். எட்டுக் கால் 741-இல் இவை முறையே 3, 2, 7, 4, 6 ஆகிய கால்கள். எல்டிஸ்பைஸில் உள்ள ஓபாம்ப்2 குறியீடும் இதே வரிசையில் அமைந்தது. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இவ்வரிசையைப் பின்பற்றுவதில்லை. கோப்பை நோட்பேடில் திறந்து, விண்மீன் குறியிட்டுத் தொடங்கும் விளக்க வரிகளைப் படித்தால் வரிசை தெரிந்துவிடும். இரண்டு உள்ளீடுகளும் இடம் மாறியிருந்தால் எதிர்ப்பின்னூட்டம் நேர்ப்பின்னூட்டமாகி, வெளியீடு நீங்கள் சொன்னபடியே ஓர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கோப்பைத் திறந்ததுதான் திறந்தீர்கள், உள்ளே எத்தனை டிரான்சிஸ்டர்கள் உள்ளன என்றும் எண்ணிப் பாருங்கள். உண்மையான 741-இல் இருபதுக்கு மேல் உண்டு; மாடலில் பெரும்பாலும் இரண்டே இருக்கும். பாயில் என்ற ஆய்வாளரும் மற்ற மூவரும் 1974-இல் வெளியிட்ட சுருக்க முறை இது. அலைவரிசை அகலமும் வெளியீடு ஏறும் வேகமும் சரியாக வந்தால் போதும் என்று, மீதியைச் சார்பு மூலங்களால் (சுற்றின் வேறோர் இடத்து மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்து இயங்கும் மூலங்களால்) ஈடுகட்டினார்கள். ஆகவே இரைச்சலையும் வெப்பநிலை விளைவுகளையும் அந்த மாடலிடம் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: 1 மெகாஓம் மின்தடைக்கு ‘1எம்’ என்று கொடுத்தால் சுற்று குறுக்கிணைப்பு ஆனதுபோல் நடந்துகொள்கிறதே?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஸ்பைஸில் ‘எம்’ பெரிய எழுத்தாயினும் சிறிய எழுத்தாயினும் மில்லிதான். நீங்கள் வைத்தது ஒரு மில்லிஓம். ‘மெக்’ (MEG) என்று மூன்றெழுத்தாக எழுதுங்கள்.

கேள்வி: சார்ஜர் ஒன்றில், மின்மாற்றியின் இரண்டாம் சுருளில் பழுதான டயோடுக்குப் பதிலாக 1என்4007 வைத்தேன். அதே அமைப்பைக் கணினியில் ஓட்டியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் மேசையில் டயோடு சில நிமிடங்களில் தொட முடியாத சூடாகிவிட்டது.
- பழுது நீக்குநர், திண்டுக்கல்

பதில்: 1என்4007, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் திருத்துவதற்கானது. மின்னழுத்தம் திசை மாறிய பிறகும் அது கடத்துவதை நிறுத்தச் சில மைக்ரோவினாடிகள் முதல் 30 மைக்ரோவினாடி வரை பிடிக்கும். 50 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சார்ஜரில் ஒரு முழுச் சுழற்சியே 20 மைக்ரோவினாடிதான். மூட வேண்டிய நேரத்தில் கதவு பாதி திறந்தே கிடக்கிறது. சூடு அங்கேதான் பிறக்கிறது. அதே 1000 வோல்ட், 1 ஆம்பியர் வரம்புகள் கொண்ட யுஎஃப்4007-இன் மீட்பு நேரம், அதாவது கடத்துவதை நிறுத்த எடுக்கும் நேரம், 75 நானோவினாடி. கால்களும் உருவமும் அதே அளவு. இரண்டாம் சுருளின் மின்னழுத்தம் 5 வோல்ட் அளவே என்றால் குறைந்த மின்னழுத்த இழப்போடு வேகமாக மூடும் ஷாட்கி டயோடே நல்லது. ஆனால் பழைய டயோடின் மின்னோட்ட வரம்புக்கும் தலைகீழ் மின்னழுத்த வரம்புக்கும் குறையாமல் தேர்ந்தெடுங்கள்.

கணினி ஏன் எச்சரிக்கவில்லை என்றால், இந்தத் தாமதத்தைச் சுமக்கும் அளவுரு டிடி (TT) என்பது. நீங்கள் பயன்படுத்திய மாடல் வரியில் அது விடுபட்டிருந்தால் மென்பொருள் அதைச் சுழியம் என்றே கொள்ளும். திரையில் உங்கள் 1என்4007 நொடியும் தாமதிக்காத டயோடாக மாறிவிடும். அந்த வரியில் டிடிக்கு 5 மைக்ரோவினாடி கொடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்; டயோடின் மின்னோட்ட வரைபடத்தில் சுழியத்துக்குக் கீழே ஒரு பெரிய பள்ளம் விழும்.